ஆச்சியின் பெருவிரல்

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் சமைக்கத் தெரியுமா, கோலம் போடத் தெரியுமா என்று கேட்டதில்லை. "பிள்ள நாளைக்கு எத்தன சுத்துவா?" என்று கேட்டார்கள். 1959-ல் என் ஆச்சியைப் பார்க்க வந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள். "ஆயிரம் அசராமச் சுத்துவா" என்று பூட்டி சொன்ன பதிலில் கல்யாணம் முடிவாயிற்று. முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம், மேலப்பாளையம் என்று திருநெல்வேலிச் சீமையில் எங்கே போய்க் கேட்டாலும், எதைச் சுத்துவது என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். பீடி சுத்தத் தெரிந்த பெண் வந்தால், ஆண்பிள்ளைக்கு வேலை இருக்கிற நாளிலும் இல்லாத நாளிலும் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

பாட்டிகளைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று இதழின் ஆசிரியர் குழு கேட்டதும் எழுத எவ்வளவோ வந்தது. ஆச்சி வைக்கிற சொதியைப் பற்றி எழுதலாம். காய்ச்சலுக்கு அவள் போட்ட கசாயத்தைப் பற்றி எழுதலாம். முக்கூடல் முத்துமாலை அம்மன் கோயில் கொடைக்கு அவள் வருஷம் முழுக்கக் காசு சேர்த்ததை எழுதலாம். ஆனால் ஆச்சியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவளுடைய வலதுகைப் பெருவிரல்தான். கடைசிக் காலத்தில் அவளை அலைக்கழித்ததும் அதே விரல். ஆகவே இந்தக் கட்டுரை பெரும்பாலும் ஒரு விரலைப் பற்றியது.

அந்த விரல் என்ன வேலை செய்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். கடையில் எடை போட்டுக் கொடுத்த இலைக்கட்டைச் சாயங்காலம் பிரித்து உதறி, தண்ணீரில் நனைத்து, ஈரச் சாக்கில் சுருட்டி வைப்பாள். மத்தியப் பிரதேசத்துக் காட்டிலும் ஒடிசாக் காட்டிலும் பறித்து, காயவைத்து, ரயிலிலும் லாரியிலும் வந்த இலை. விடியும்போது பதமாகியிருக்கும். தகட்டு அச்சை இலைமேல் வைத்து, நரம்பு ஓடுகிற திசை பார்த்துக் கத்தரியால் வெட்டுவாள். நரம்பைக் கவனிக்காமல் வெட்டினால் சுத்தும்போது கிழிந்துவிடும். கிழிந்த இலைக்குக் கடையில் கணக்கு கிடையாது.

வெட்டி முடித்ததும் காலை நீட்டி உட்கார்ந்து மடியில் சுளகை வைப்பாள். சுளகில் ஒரு பக்கம் இலை, ஒரு பக்கம் தூள். புகையிலை என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, தூள்தான். இலையை இடது கையில் ஏந்தி, தூளை நீளவாக்கில் பரப்பி, இரண்டு கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு உருட்டு உருட்டும். அதில் ஒரு முனை கூம்பும், மறுமுனை அகலும். அகன்ற வாயைப் பெருவிரல் நகத்தால் உள்ளே மடக்கி அடைத்து, நூலைச் சுற்றி இறுக்கி அறுத்துப் போடுவாள். இருபது விநாடி ஆகாது. அவள் பேச்சு நிற்காது, பார்வை வாசலில் இருக்கும், விரல் தன்பாட்டுக்கு ஓடும். 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம்.

தெக்குத் தெருவில் மத்தியானம் ஆனால் ஏழெட்டுப் பெண்கள் எங்கள் வீட்டுத் தார்சாவில் சுளகோடு வந்து உட்காருவார்கள். இலங்கை வானொலி பாடும். பாட்டுக்கு நடுவே யார் வீட்டில் என்ன கடன், எந்தப் பிள்ளைக்கு எங்கே சம்பந்தம், குழுக் கடனுக்கு வட்டி எவ்வளவு என்பதெல்லாம் ஓடும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண்பிள்ளைகளைக் கட்டு கட்ட உட்கார வைப்பார்கள். என்னை மட்டும் ஆச்சி உட்கார விட்டதில்லை. "ஏட்டி, புஸ்தகத்தத் தொட்ட கையால இதத் தொடாத" என்று விரட்டுவாள். தூள் நெடியில் நான் தும்முவேன் என்பது அவள் சொன்ன காரணம். அது மட்டும்தான் காரணமா என்று வளர்ந்த பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

சாயங்காலம் ஓலைப்பெட்டியில் கட்டுகளை அடுக்கிக்கொண்டு பீடிக்கடைக்குப் போவாள். கணக்குப்பிள்ளை கட்டைப் பிரித்துத் தடவிப் பார்த்து, தளர்ந்தது, குட்டையானது, வாய் சரியாக அடையாதது என்று கழிப்பார். கழித்த பீடிக்குக் கூலி இல்லை, அந்தப் பீடி கைக்குத் திரும்பியும் வராது. கொடுத்த இலை ஆயிரத்துக்குப் போதாவிட்டால் கைக்காசு போட்டு வெளியில் இலை வாங்கிச் சேர்த்து எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும். இந்தக் கணக்கில் கொடுத்தது போக மிஞ்சியதில்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். ஓலை வீட்டை ஓட்டு வீடாக்கினாள். தாத்தா டீக்கடையில் நின்ற மாதங்களைவிடத் திண்ணையில் கிடந்த மாதங்கள் அதிகம். அவரைப் பற்றிக் குறையாக ஒரு சொல் அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை.

சட்டம் இந்தப் பெண்களை மெதுவாகத்தான் கண்டுகொண்டது. பீடித் தொழிலாளருக்கென்று 1966-ல் ஒரு சட்டம் வந்தது. நல நிதிக்கு 1976-ல் இன்னொன்று வந்தது. தார்சாவில் உட்கார்ந்து சுத்துகிறவளும் தொழிலாளிதான், அவளுக்கும் வைப்பு நிதி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1985-ல் சொன்ன பிறகுதான் ஆச்சி மாதிரிப் பெண்களின் பெயர் ஒழுங்காகப் பதிவேட்டில் ஏறத் தொடங்கியது. அத்தையின் கல்யாணத்துக்கு பி.எஃப் பணம்தான் கைகொடுத்தது. என் அப்பாவின் பள்ளிச் செலவுக்கு நல நிதி உதவித்தொகை வந்தது. பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி ஊரிலேயே இருந்தது. பீடி கார்டை மஞ்சள் பையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருப்பாள். ஆற்றில் வெள்ளம் என்று சொன்னால் முதலில் எடுக்க வேண்டியது அதுதான் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

பதிவேடு என்றால் கைநாட்டு. கூலி வாங்க, கடன் வாங்க, பி.எஃப் மனுப்போட, எல்லாவற்றுக்கும் மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்தி ஒரு உருட்டு. பீடியை உருட்டுகிற அதே விரல். மை துடைக்கத் துணிகூட யாரும் தர மாட்டார்கள், சுவரில் தேய்த்துவிட்டு வர வேண்டும். எத்தனையோ ஊர்ச் சுவர்களில் கையெட்டும் உயரத்தில் ஊதாக் கறையாக அது இருந்ததை நடுவயது தாண்டியவர்கள் பார்த்திருப்பார்கள்.

1990-களில் அறிவொளி இயக்கம் எங்கள் தெருவுக்கு வந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவிளக்கடியில் வகுப்பு நடக்கும். காலேஜில் படிக்கிற பிள்ளைகள் சொல்லிக் கொடுக்க வந்தார்கள். ஐம்பது வயசில் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போக வெட்கப்பட்டவர்களில் ஆச்சியும் ஒருத்தி. சுளகோடேயே வரலாம் என்று அந்தப் பிள்ளைகள் சொன்னதும் போனாள். சுத்திக்கொண்டே எழுத்தைப் பார்ப்பார்கள், கட்டு முடிந்ததும் சிலேட்டை எடுப்பார்கள். அவளுக்குப் படிக்க முழுசாக வரவில்லை. பஸ்ஸில் ஊர்ப் பெயரைக் கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான். ஆனால் கையெழுத்து வந்தது. நாலு எழுத்து. முதல் எழுத்து பெரிதாக, போகப் போகச் சிறுத்து, கடைசி எழுத்தின் சுழி கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். பேனாவை எடுத்ததும் ஒரு விநாடி உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொள்வாள், வியர்வை காகிதத்தில் படக்கூடாது என்று.

முதல்முறை கையெழுத்துப் போட்டுக் கூலி வாங்கிய நாளில் அவள் கடையிலிருந்து நேராக வீட்டுக்கு வரவில்லை. ஆற்றுக்குப் போய்க் குளித்துவிட்டு, கோயிலுக்குப் போய்விட்டு வந்தாளாம். அத்தை சொல்லிக் கேட்டது. அதற்குப் பிறகு மைப்பெட்டியைத் தொட அவள் சம்மதித்ததே இல்லை. அவசரத்துக்கு "கைநாட்டு வையுங்க ஆச்சி, சீக்கிரம் முடியும்" என்று ஒருவர் சொன்னபோது, "எனக்குக் கையெழுத்து வரும்யா, நீரு செத்த பொறும்" என்று அவரை நிற்க வைத்தே நாலு எழுத்தையும் எழுதி முடித்தாள். இருபது வருஷத்துக்கு மேல் அவள் அந்தக் கையெழுத்தோடு வாழ்ந்தாள்.

பிறகு மறுபடியும் பெருவிரலைக் கேட்டார்கள்.

ஆதார் எடுத்தபோதே தகராறு தொடங்கிவிட்டது. பத்து விரலையும் கண்ணாடிமேல் வைக்கச் சொன்னார்கள். சிவப்பு விளக்கு பலமுறை எரிந்து, எப்படியோ ஒருவழியாகப் பதிவாயிற்று. 2020 அக்டோபர் முதல் ரேஷன் கடைகளில் ரேகை வைத்துப் பொருள் வாங்குகிற முறை வந்தபோதுதான் நிலைமை முற்றியது. அப்பா சென்னையில், பெரியப்பா கோயம்புத்தூரில், அத்தைக்குத் தனிக் கார்டு. ஓட்டு வீட்டை விட்டு வர மாட்டேன் என்று ஆச்சி தனியாகவே இருந்தாள். ஒற்றை ஆள் கார்டு. அவளுக்குப் பதிலாக விரல் வைக்க அந்தக் கார்டில் இன்னொரு பெயர் இல்லை.

கடையில் நின்று நான் பார்த்திருக்கிறேன். ரேகை மெஷின் உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான் இருக்கும். ஆச்சி பெருவிரலை வைப்பாள். பீப் என்று ஒரு சத்தம் வரும், விழவில்லை என்று அர்த்தம். சேலையில் துடைத்துவிட்டு வைப்பாள், விழாது. கடைக்காரத் தம்பி நல்ல பையன். "தலையில தேச்சிட்டு வையிங்க ஆச்சி, எண்ணெ பட்டா விழும்" என்பான். வகிட்டில் தேய்த்துவிட்டு வைப்பாள். அடுத்த விரல். இடது கை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோரும் அவள் விரலையே பார்ப்பார்கள். ஒரு மாதம் மூன்றாவது விரலில் விழும், ஒரு மாதம் எதிலும் விழாது. "நாளைக்குக் காலையில ஈரத்தோட வாங்க ஆச்சி" என்று அனுப்புவான். அரிசிக்கும் பாமாயிலுக்கும் பருப்புக்கும் ஒரே கடைக்கு அவள் எத்தனை நடை நடந்திருப்பாள்.

ஒருநாள் அவனிடம் அவள், "ஐயா, நான் கையெழுத்துப் போடுதேன், அத எடுத்துக்கிடுமே" என்று கேட்டாள். அவனுக்குப் பதில் தெரியவில்லை. மெஷினைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இதுல எழுத எடம் இல்ல ஆச்சி" என்றான். வீட்டுக்கு வருகிற வழியில் என்னிடம், "ரேகையெல்லாம் பீடிக்கடைக்குப் போயிட்டுல்லா, இங்கன வந்து கேட்டா நான் எங்க போவேன்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். ஆச்சி கோபப்பட்டு நான் பார்த்தது அபூர்வம்.

அவள் சொன்னதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து வயசில் தொடங்கி எழுபது வரைக்கும் சுத்தியிருக்கிறாள். நாளுக்கு 500 என்று குறைத்தே வைத்து, வருஷத்துக்கு 300 நாள் என்று எடுத்தால், 60 வருஷத்தில் 90 லட்சம் பீடி. அத்தனையும் அந்தப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருண்டவை. ஈர இலையும் தூளும் நூலும் தோலை நாளெல்லாம் தேய்க்கின்றன. இளவயதில் வேலையை நிறுத்தினால் சில வாரங்களில் ரேகை மறுபடி தெளிந்துவரும். வயது ஏறினால் தோல் மெலிகிறது, ஈரம் குறைகிறது, ரேகையின் மேடுகள் தட்டையாகின்றன. ஒரு பக்கம் வேலை தேய்த்தது, மறுபக்கம் வயது தேய்த்தது. கண்ணாடிமேல் வைக்கும்போது மெஷினுக்குப் படிக்க அங்கே கோடு இல்லை. எந்த உழைப்பால் அவள் தொழிலாளி என்று பதிவேட்டில் ஏறினாளோ, அதே உழைப்புதான் அவள் ஆள் அடையாளத்தை அழித்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ரேஷனாவது பக்கத்துத் தெரு. பென்ஷன் அப்படி இல்லை. பி.எஃப் ஓய்வூதியம் மாதம் ஆயிரம் ரூபாய். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சத் தொகை ஆயிரம் என்று வைத்தது இன்னும் உயரவில்லை. அதை வாங்க வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கும் ரேகை. கம்ப்யூட்டர் சென்டரில் பத்து விரலும் தோற்று, ஒரு வருஷம் சில மாதங்களுக்குப் பென்ஷன் நின்றே போயிற்று. ஆச்சி எதிரே உட்கார்ந்திருக்கிறாள், பேசுகிறாள், தண்ணீர் கேட்டுக் குடிக்கிறாள். அவள் உயிரோடு இருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் செல்போனில் முகத்தைக் காட்டுகிற வசதி இருப்பது தெரிந்து என் போனிலேயே முயன்றோம். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. எப்போது சிமிட்ட வேண்டும் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வாசலில் வெளிச்சத்துக்கு நாற்காலியை நகர்த்தி, தலைமுடியை ஒதுக்கி, ஒருவழியாக முடிந்தது. நான் லீவு போட்டு வந்ததால் முடிந்தது. தெக்குத் தெருவில் எத்தனை ஆச்சிகளுக்கு லீவு போட்டு வரப் பேத்தி இருக்கிறாள்?

ரேகை முறையால் போலிக் கார்டுகள் ஒழிந்தன, ஏழையின் அரிசி வெளியே போவது குறைந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை மறுக்கவில்லை. பீடியே ஒழிய வேண்டிய பொருள்தான், புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்பதும் சரி. ஆனால் அதைச் சுத்தி முடித்துவிட்ட கைகளுக்கு அந்த வாதத்தால் ஒரு பிடி அரிசியும் வராது.

மாற்று வழி இருக்கிறது என்று காட்டுகிறார்கள். சில கடைகளுக்குக் கருவிழியைப் பார்க்கிற கருவி வந்திருக்கிறது. புரை அறுவை ஆன கண்ணிலும் இமை தொங்கிய கண்ணிலும் அது தடுமாறுகிறது. செல்போனுக்கு எண் அனுப்பிச் சரிபார்க்கலாம் என்கிறார்கள். பல ஆச்சிகளின் கார்டில் இருப்பது திருப்பூரில் வேலை பார்க்கிற பேரனின் நம்பர். அவன் ஷிப்டில் இருப்பான், போன் பெட்டிக்குள் கிடக்கும். தன் சார்பாக ஒருவரை எழுதிக்கொடுத்து அனுப்பலாம், அதற்குப் படிவம் உண்டு. அது இருப்பது ஆச்சிக்குக் கடைசிவரை தெரியாது, எங்களுக்கும் பிந்தித்தான் தெரிந்தது. எழுபது தாண்டியவர்களுக்கு வீடு தேடிப் பொருள் கொண்டுவருகிற திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. மனசார வரவேற்கிறேன். ஆனால் ரேகை எழுபதாவது பிறந்தநாள் வரைக்கும் காத்திருந்து அழிவதில்லை. ஐம்பத்தைந்தில், அறுபதில் அழிந்துபோனவர்கள் இன்னும் வரிசையில்தான் நிற்கிறார்கள்.

இது பீடித் தெருக்களோடு நிற்கிற விஷயமாகவும் எனக்குத் தோன்றவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து முந்திரி ஆலைகளில் கொட்டை உடைக்கிற பெண்களின் விரலை, தோட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பொசுக்குகிறது. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு அரிக்கிறது. சித்தாள் வேலைக்குப் போகிறவர்களுக்கு சிமென்ட், கயிறு திரிக்கிறவர்களுக்குத் தேங்காய் நார், வீட்டு வேலை செய்கிறவர்களுக்குப் பாத்திரம் தேய்க்கிற பொடி. சின்ன ஊர்களைத் தாங்கி நிறுத்திய பாட்டிகளில் விரல் தேயாமல் வாழ்ந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? கையை வைத்துப் பிழைத்தவர்களிடம் போய்க் கைரேகையை அடையாளமாகக் கேட்பது என்று முடிவெடுத்தபோது, அந்தக் கைகளில் ஒன்றையாவது திருப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு கடையிலும், பென்ஷன் சான்று எடுக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு நோட்டு இருக்கட்டும். இரண்டு முறை ரேகை விழாவிட்டால் அந்த நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அன்றைக்கே பொருளைக் கொடுக்கட்டும். தெருவில் இரண்டு பேர் சாட்சி போடட்டும். ரேகை விழாததற்காகப் பொருளை மறுக்கக் கூடாது என்பது ஏற்கெனவே சொல்லப்பட்டதுதான். அதைக் கடைக்காரத் தம்பியின் மேஜைக்கு மேலே, ஆச்சிமார் கூட்டிப் படிக்கிற அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

ஆச்சி 2023-ல் இறந்தாள். கார்டிலிருந்து பெயரை எடுப்பதற்கும் பென்ஷனை நிறுத்துவதற்கும் ஒரு சான்றிதழ் போதுமாக இருந்தது. எந்த விரலும் கேட்கவில்லை.

அத்தைக்கு இப்போது 56 வயது. பதினோரு வயசிலிருந்து சுத்துகிறாள். இந்த வருஷம் அவளுக்கும் கடையில் ரேகை விழ மறுக்கத் தொடங்கியிருக்கிறது. ஆதாரில் ரேகையைப் புதுப்பித்துவிட்டால் சரியாகும் என்று சொன்னார்களாம். அதற்குக் கொஞ்ச நாள் சுத்தாமல் இருந்து, ராத்திரி தேங்காய் எண்ணெய் தேய்த்து, விரல் தெளிந்த பிறகு போக வேண்டும் என்று தெருவில் பெண்கள் தங்களுக்குள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். குழுக் கடன் தவணை வாரா வாரம் இருப்பதால் அத்தை இன்னும் நாள் குறிக்கவில்லை. நேற்று போனில் கேட்டேன். "தீபாவளிக் கட்டு முடியட்டும்ட்டி, தை மாசம் பாப்போம்" என்றாள்.